பலகையா, விளிம்பா? 'போர்டு' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்பறையில் எழுதுவது போர்டில். நிறுவனத்தை நடத்துவது போர்டு. விடுதியில் போடும் சாப்பாட்டுக்கும் போர்டு என்றே பெயர். விமானத்தில் ஏறினால் அது போர்டிங். இத்தனை வேலையை ஒரே சொல் பார்ப்பதைக் கண்டு மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டி, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பதிலை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்றவை அதன்மேல்தான் நிற்கின்றன.

'போர்டு' ஒரே சொல்லா, ஒரே ஒலியில் வரும் பல சொற்களா?

பிறப்பில் இரண்டு சொற்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றாகக் கலந்துவிட்டன.

பழைய ஆங்கிலத்தில் 'போர்ட்' என்ற வடிவில் இலக்கணப் பாலால் வேறுபட்ட இரண்டு பெயர்ச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்குப் பலகை என்று பொருள். மற்றொன்றுக்கு விளிம்பு, ஓரம், குறிப்பாகக் கப்பலின் பக்கவாட்டுச் சுவர் என்று பொருள். கப்பலின் பக்கச் சுவரே பலகைகளை அடுக்கித்தான் கட்டப்பட்டது. ஆகவே பேசுகிறவர் பலகையைச் சொல்கிறாரா, பக்கத்தைச் சொல்கிறாரா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை. காலப்போக்கில் பால் வேறுபாடும் ஆங்கிலத்திலிருந்து மறைந்ததால் இரண்டையும் பிரித்து வைத்திருந்த கடைசி வேலியும் விழுந்தது.

பிற்காலத்தில் பிரெஞ்சு மொழியின் 'போர்' என்ற சொல்லும் வந்து சேர்ந்தது. அதற்கும் விளிம்பு, கப்பலின் பக்கம் என்றே பொருள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் முன்னொரு காலத்தில் ஜெர்மானிய மொழியிலிருந்து கடன் போனதுதான். பங்காளி வீட்டுப் பிள்ளை ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்ததைப் போல.

எனவே 'போர்டு' வரும் எந்தச் சொல்லைக் கண்டாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது பலகையா, விளிம்பா? அதற்கு விடை கிடைத்தால் மீதிக் கதை தானாக அவிழும்.

எவ்வளவு பழைய சொல்?

ஆங்கிலம் என்ற மொழி உருவாவதற்கு முன்பே இருந்த சொல். 4ஆம் நூற்றாண்டில் பைபிளை, ஆங்கிலத்துக்கு உறவான பழைய ஜெர்மானிய மொழியாகிய கோதிக்கில் பெயர்த்தபோது, கால்மணைக்கு 'ஃபோட்டுபௌர்ட்' என்ற சொல் பயன்பட்டது. முன்பாதி கால், பின்பாதி பலகை.

பழைய ஆங்கிலக் கவிதைகளில் இதே சொல் கேடயத்தைக் குறிக்கிறது. அக்காலக் கேடயம் மரப்பலகையால் ஆனது. 937ஆம் ஆண்டு புரூனன்பர் போரைப் பாடும் கவிதையில் வெற்றி பெற்றவர்கள் எதிரிகளின் 'போர்ட்வெயால்' என்பதைப் பிளந்ததாக வருகிறது. வீரர்கள் கேடயங்களை நெருக்கமாகப் பிடித்து உண்டாக்கும் அரணுக்கு, பலகைச் சுவர் என்று பெயர்.

இதைப் படித்தபோது எனக்குப் பழந்தமிழ்தான் நினைவுக்கு வந்தது. நம் 'பலகை'க்கும் கேடயம் என்ற பொருள் உண்டு. சமஸ்கிருதத்தின் 'பலக' என்ற சொல்லுக்குப் பலகை, சூதாடும் பலகை, கேடயம் ஆகிய மூன்று பொருள்களும் உண்டு. ஆங்கிலேயர் இதைப் பார்த்து எழுதவில்லை. மரம் எங்கும் ஒரே மாதிரிதான் பயன்பட்டிருக்கிறது.

'போர்டு அண்ட் லாட்ஜிங்' என்பதில் பலகைக்கு என்ன வேலை?

அங்கே பலகை என்பது சாப்பாட்டு மேசை.

இடைக்கால ஐரோப்பிய மாளிகைகளின் பெரிய கூடத்தில் நிலையான சாப்பாட்டு மேசைகள் குறைவு. சாப்பாட்டு வேளையில் முக்காலி போன்ற மரத்தாங்கிகளை நிறுத்தி, அவற்றின்மேல் நீண்ட பலகைகளைப் பரப்புவார்கள். சாப்பிட்டு முடித்ததும் பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அதே கூடத்தில் படுத்துக்கொள்வார்கள். மேசை என்று நிரந்தரமாக ஒன்று இருந்தால் அதற்கென்று தனிப்பெயர் வைத்திருப்பார்கள். பலகையைப் போட்டுச் சாப்பிட்டதால் பலகையே பெயராயிற்று.

பலகை மேசையாயிற்று. மேசைமேல் வந்த உணவையும் பலகை என்றே அழைத்தார்கள். பிறகு, பணம் கொடுத்து ஒருவர் வீட்டில் அன்றாடம் சாப்பிடுவதும் போர்டு என்றாயிற்று. அப்படிச் சாப்பிட்டுத் தங்குகிறவர் 'போர்டர்'. அவர் தங்குமிடம் 'போர்டிங் ஹவுஸ்'. உண்டு உறைந்து படிக்கும் பள்ளி 'போர்டிங் ஸ்கூல்'. அந்தப் பள்ளியில் கரும்பலகை இருக்கிறது என்பதால் வந்த பெயர் அல்ல அது. இப்படி நினைத்திருந்தவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன்.

மணத்தை முறிக்காமலே பிரித்துவைத்த பழைய ஆங்கிலச் சட்ட ஏற்பாடு ஒன்றில், கணவனும் மனைவியும் 'பெட் அண்ட் போர்டு' இரண்டிலிருந்தும் பிரிக்கப்பட்டார்கள். லத்தீன் மூலத்தில் இது மேசை, படுக்கை என்று தெளிவாகவே இருக்கிறது. நான் மொழிபெயர்ப்பு பழகிய காலத்தில் இந்தத் தொடரைக் 'கட்டிலும் பலகையும்' என்று எழுதிக் கொடுத்தேன். திருத்திய பெரியவர் ஓரத்தில் எழுதி அனுப்பினார்: "கணவர் தச்சரோ?"

மேசைக்குத்தான் 'டேபிள்' என்ற சொல் இருக்கிறதே?

அதுவும் பலகைதான். லத்தீனில் 'தாபுலா' என்றால் பலகை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் நுழைந்தன. சாப்பாட்டு மேசை என்ற இடத்தை 'டேபிள்' மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. பழைய குடியான 'போர்டு' வீட்டை விட்டு வெளியேறி, சாப்பாடு, குழு என்ற திண்ணைகளில் உட்கார்ந்துகொண்டது.

'டேப்லெட்' என்பது சின்னப் பலகை. முன்பு எழுதும் பலகைக்கும், பின்பு மாத்திரைக்கும், இன்று கையில் ஏந்தும் கணினிக்கும் அந்தப் பெயர். நிலைமை தலைகீழாவதைக் குறிக்கும் 'டர்ன் த டேபிள்ஸ்' என்ற தொடரிலும் சாப்பாட்டு மேசை இல்லை. இன்று பேக்கமன் என்று அழைக்கப்படும் ஆட்டத்துக்கு அக்காலத்தில் 'டேபிள்ஸ்' என்று பெயர். ஆட்டப் பலகையைத் திருப்பிவைத்தால் என் காய்கள் உங்களுக்கு, உங்கள் காய்கள் எனக்கு.

மனிதர்கள் சேர்ந்த ஒரு குழு எப்படிப் பலகையாயிற்று?

மேசையைச் சுற்றி உட்கார்ந்ததால். 16ஆம் நூற்றாண்டிலேயே, ஆலோசனை மேசையைக் குறித்த சொல் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்களையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்து அரச மாளிகையின் கணக்குவழக்குகளைப் பார்த்த குழுவின் பெயர் 'போர்டு ஆஃப் கிரீன் கிளாத்'. பச்சைத் துணி விரித்த மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதைத் தவிர அந்தப் பெயரில் வேறு எந்த ரகசியமும் இல்லை. 1784ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட லண்டனில் அமைந்த குழுவுக்கு 'போர்டு ஆஃப் கண்ட்ரோல்' என்று பெயர். அதற்குள் துணியும் மேசையும் மறந்துபோய், அதிகாரம் மட்டுமே அந்தச் சொல்லில் மிஞ்சியிருந்தது.

ஐரோப்பாவில் அதிகாரத்துக்கு நாற்காலி, மேசைகளின் பெயரைச் சூட்டுவது ஒரு பழக்கமாகவே இருந்திருக்கிறது. 'பியூரோ' என்பது எழுது மேசையின்மேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயர். அது மேசைக்கு ஏறி, அங்கிருந்து அலுவலகத்துக்கு ஏறி, இன்று 'பியூரோகிரசி' என்று நாட்டையே ஆள்கிறது. பிரிட்டனின் கருவூலமான 'எக்ஸ்செக்கர்' சதுரங்கக் கட்டம் போட்ட துணியிலிருந்து வந்தது. அந்தக் கட்டங்களில் வில்லைகளை நகர்த்தித்தான் வரிக்கணக்குப் பார்த்தார்கள். 'பேங்க்' என்பது இத்தாலிய நாணய மாற்றுக்காரர்கள் கடை விரித்த பெஞ்சு.

தமிழில் இதற்கு ஒரு படி மேலான கற்பனை உண்டு. சங்கப் பலகையைச் சுற்றிப் புலவர்கள் உட்காரவில்லை, பலகையின்மேலேயே உட்கார்ந்தார்கள். தகுதியில்லாதவருக்கு அது இடம் தராது என்பது புராணம். நிறுவனங்களின் போர்டுகளுக்கு அப்படிப்பட்ட பலகை ஒன்றை யாராவது செய்து கொடுத்தால் நல்லது.

குழு என்ற பொருளில் வரும் போர்டைப் 'பலகை' என்று பெயர்க்காமல் 'வாரியம்' என்று பெயர்த்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்ட குழுக்களுக்கு வாரியம் என்றே பெயர். கல்வெட்டின் காலம் 10ஆம் நூற்றாண்டு. ஆங்கிலேயர் பலகையைக் குழுவாக்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

'கப்போர்டு' என்று எழுதிவிட்டுக் 'கபர்டு' என்று ஏன் உச்சரிக்கிறார்கள்?

பேச்சில் தேய்ந்த சொல். 14ஆம் நூற்றாண்டில் அது கோப்பைகளை வைக்கும் பலகை, அவ்வளவுதான். கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. வெள்ளிக் கோப்பைகளைப் பிறர் கண்ணில் படும்படி அடுக்கிவைப்பதுதான் நோக்கம். பிறகு சுற்றிலும் அடைத்து, கதவு வைத்து அலமாரியாக்கினார்கள். பொருளில் கோப்பையும் இல்லை, பலகையும் இல்லை என்று ஆனபின் வாயும் அவற்றைத் தனித்தனியே உச்சரிப்பதை விட்டுவிட்டது. எழுத்து மட்டும் பழசை விடவில்லை. எழுத்துக்கு என்றுமே பிடிவாதம் அதிகம்.

விமானத்தில் ஏறுவது ஏன் 'போர்டிங்'?

இங்கே பலகையை விட்டுவிடுங்கள். இது விளிம்பு.

கடற்போரில் ஒரு கப்பல் மற்றொன்றின் பக்கத்தை உரசும்படி நெருங்குவதைத்தான் முதலில் 'போர்டு' என்ற வினை குறித்தது. நெருங்கியபின் கொக்கி போட்டு இழுத்து, வாளும் கையுமாகப் பக்கச் சுவரைத் தாண்டிக் குதிப்பதும் அதே வினைக்குள் வந்தது. கடற்கொள்ளையரும் கடற்படையினரும் செய்த காரியம் அது. காலம் மாறியபின், சண்டையில்லாமல் ஏறுவதற்கும் அதே சொல் போதும் என்றாயிற்று. கப்பலுக்குப் பிறகு ரயில், ரயிலுக்குப் பிறகு விமானம். 'போர்டிங் பாஸ்' கையில் இருக்கும்போதும் சிலர் கதவருகே முண்டியடிப்பதைப் பார்த்தால், சொல்லின் பழைய பொருள் முழுதாகச் செத்துவிடவில்லை என்று தோன்றும்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு நிறுவனம் நடத்தும் 'ஆன்போர்டிங்' சடங்கும் இதே வழியில் வந்ததுதான்: கப்பலில் ஏற்றிக்கொள்வது. ஒருவர் திட்டத்துக்கு ஒத்துக்கொண்டால் அவர் 'ஆன் போர்டு' என்பதும் அதுவே.

கப்பலின் வலப்பக்கத்துக்கு ஏன் 'ஸ்டார்போர்டு' என்று பெயர்? நட்சத்திரத்தைப் பார்த்துச் செலுத்தியதாலா?

நட்சத்திரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழைய வடிவம் 'ஸ்டேயோர்போர்ட்'. செலுத்துவதைக் குறிக்கும் 'ஸ்டியர்' என்ற சொல்தான் முன்பாதி. சுக்கான் கப்பலின் பின்புறம் நடுவில் பொருத்தப்படுவதற்கு முந்திய காலத்தில், வடக்கு ஐரோப்பியக் கப்பல்களை ஒரு பெரிய துடுப்பால் திருப்பினார்கள். பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள் என்பதால் அந்தத் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்தது. செலுத்தும் பக்கம், ஸ்டார்போர்டு.

இடப்பக்கத்தின் கதை இன்னும் சுவையானது. செலுத்துகிறவர் இரு கையாலும் துடுப்பைப் பிடித்து வலப்பக்கம் திரும்பி நின்றால் முதுகு இடப்பக்கம் இருக்கும். அதனால் பழைய ஆங்கிலத்தில் இடப்பக்கத்துக்கு முதுகுப் பக்கம் என்று பெயர். ஜெர்மன் மொழியும் டச்சு மொழியும் இன்றும் அப்படித்தான் சொல்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் அதை டச்சுக்காரர்களிடமிருந்து வாங்கி 'பாபோர்' ஆக்கினார்கள். ஆங்கிலம் மட்டும் பிற்காலத்தில் 'லார்போர்டு' என்ற வேறு சொல்லுக்குப் போனது. சரக்கேற்றும் பக்கம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வலப்பக்கத் துடுப்பு கரையில் மோதி நொறுங்காமல் இருக்க, கப்பலின் இடப்பக்கத்தைத்தான் துறைமேடையில் அணைத்தார்கள்.

ஸ்டார்போர்டு, லார்போர்டு. புயலில் காற்று இரைய, தலைவர் கத்தும் கட்டளை இந்த இரண்டில் எது என்று மாலுமிக்கு எப்படிக் கேட்கும்? வலமும் இடமும் மாறினால் கப்பல் பாறையில். பிரிட்டிஷ் கடற்படை 1844இல் லார்போர்டைக் கைவிட்டுத் துறைமுகப் பக்கம் என்ற பொருளில் 'போர்ட்' என்று சொல்ல உத்தரவிட்டது. அமெரிக்கக் கடற்படை 1846இல் அதைப் பின்பற்றியது. இந்தப் 'போர்ட்' வேறு சொல், நம் 'போர்டு' அல்ல. தமிழில் எழுதும்போது ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் எச்சரிக்கிறேன்.

பயணிகள் விமானங்களில் பெரும்பாலும் இடப்பக்கக் கதவு வழியாகவே ஏறுகிறோம். துறைமேடையில் இடப்பக்கத்தை அணைத்த கப்பல்களின் பழக்கம் ஆகாயத்திலும் தொடர்கிறது. இறக்கை நுனி விளக்குகளும் கப்பல் விளக்குகளைப் போலவே வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு.

'ஓவர்போர்டு', 'கோ பை த போர்டு' இரண்டும் ஒன்றுதானா?

இரண்டிலும் கப்பலின் பக்கச் சுவர் இருக்கிறது. விழுவது வேறு. 'ஓவர்போர்டு' என்றால் சுவரைத் தாண்டிக் கடலில் விழுவது. அதுவே அளவு மீறிப் போவதற்கு உவமையாயிற்று. 'பை த போர்டு' போவது பாய்மரம். புயலில் முறிந்த பாய்மரம் பக்கச் சுவரைக் கடந்து கடலில் போய்விடும். ஆகவே கைவிடப்பட்ட திட்டத்தையும் மறந்துபோன கொள்கையையும் பற்றி அப்படிச் சொல்கிறார்கள்.

'ஃப்ரீபோர்டு' என்று ஒன்றும் உண்டு: நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் கப்பல் பக்கத்தின் உயரம். பேராசைக்கார உரிமையாளர்கள் அளவுக்கு மேல் சரக்கேற்றி அந்த உயரத்தைக் குறைத்ததால் மாலுமிகள் மாண்டார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடியதன் பயனாக 1876இல் கப்பல்களில் சுமைக்கோடு வரைவது சட்டமாயிற்று. இன்றும் சரக்குக் கப்பலின் பக்கத்தில் வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் தெரிந்தால், அது அவர் பெயரால் வழங்கும் குறி.

'பார்டர்' என்ற சொல்லும் இதே குடும்பமா?

ஆம், விளிம்பின் கிளை. பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. நாட்டின் எல்லைக்கும் புடவைக் கரைக்கும் அதே சொல். உணவு விடுதியில் தங்கும் 'போர்டர்' பலகையின் கிளை. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கிறார்கள் என்பதால் ஆங்கிலேயர்களே எழுத்தில் தடுமாறுவார்கள்.

வெளிநாட்டு உறவினர்களையும் ஒருமுறை விசாரித்துவிடலாம். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மொழிகளில் 'போர்ட்' என்றால் இன்றும் மேசைதான். பலவகை உணவுகளை மேசையில் பரப்பிவைக்கும் 'ஸ்மோர்காஸ்போர்டு' விருந்தின் பின்பாதி அது. டச்சு மொழியில் அதே சொல் சாப்பாட்டுத் தட்டைக் குறிக்கிறது. மேசையிலிருந்து தட்டுக்கு இறங்கியிருக்கிறது. சோற்றுக்கு இன்னும் நெருக்கம்.

மரமே இல்லாத பொருள்களுக்கும் ஏன் போர்டு என்று பெயர்?

மரம் போனபின்னும் பெயர் போகாததால். ஒவ்வொன்றிலும் மரம் எந்தக் கட்டத்தில் விடைபெற்றது என்று பார்ப்பதுதான் இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அட்டையிலிருந்து தொடங்கலாம். இடைக்காலக் கையெழுத்துப் புத்தகங்களுக்கு மேலட்டையாக உண்மையான மரப்பலகையைத்தான் வைத்துத் தோல் போர்த்தினார்கள். அச்சு வந்து புத்தகங்கள் பெருகியதும் மரம் கனமாகவும் விலை கூடுதலாகவும் தெரிந்தது. காகிதத் தாள்களைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காயவைத்து, மரத்துக்குப் பதிலாக வைத்தார்கள். அது பசைப் பலகை, 'பேஸ்ட்போர்டு'. இன்றைய 'கார்ட்போர்டு' அதன் வழித்தோன்றல். காகிதமும் மரத்திலிருந்துதானே வருகிறது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அக்காலக் காகிதம் கந்தல் துணியிலிருந்து வந்தது.

'கீபோர்டு' இசைக்கருவியில் பிறந்தது. பியானோ, ஆர்கன் ஆகியவற்றில் கட்டைகள் வரிசையாக அமர்ந்திருந்த பலகை. பிறகு தட்டச்சு இயந்திரத்துக்குப் போய், அங்கிருந்து கணினிக்கு வந்தது. இப்போது தொடுதிரையில் கட்டையும் இல்லை, பலகையும் இல்லை. வெளிச்சத்தால் வரைந்த படம்தான். பெயர் அசையவில்லை.

'சுவிட்ச் போர்டு' கதையில் எனக்கு ஒரு தனிப் பிரியம். உலகின் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூஹேவனில் தொடங்கியது. ஜார்ஜ் காய் என்பவர் அதற்கு அமைத்த இணைப்புப் பலகையில் வண்டி போல்ட்டுகளும், தேநீர்க் கெண்டி மூடிகளின் கைப்பிடிகளும், பெண்களின் பாவாடையை விரித்துக்காட்டும் கம்பியும் பயன்பட்டன. வீட்டில் காணாமல்போன பொருள்களின் பட்டியலைப் போல இருக்கிறது. சந்தாதாரர்கள் 21 பேர்.

மின்னணுவியல் மாணவர்கள் 'பிரெட்போர்டு' என்ற துளைத்தட்டைப் பயன்படுத்துவார்கள். பெயரில் ரொட்டி ஏன் வந்தது? வானொலி புதிதாக வந்த காலத்து ஆர்வலர்கள் சமையலறையிலிருந்து ரொட்டி வெட்டும் பலகையை எடுத்துவந்து, அதில் ஆணியடித்துப் பாகங்களைப் பொருத்திச் சோதித்தார்கள். பற்றவைக்கத் தேவையில்லாத பிளாஸ்டிக் தட்டு வந்த பிறகும் ரொட்டி ஒட்டிக்கொண்டே வருகிறது. 1936இல் பால் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் லண்டனில் அச்சுச் சுற்றைக் கொண்டு ஒரு வானொலிப் பெட்டியைச் செய்தார். கம்பிகளுக்குப் பதில் தட்டின்மேல் செம்புத் தடங்கள். அந்த வழியில் வந்த 'சர்க்கியூட் போர்டு'கள் பெருகியபோது, மற்றவற்றைத் தன்மேல் செருகிக்கொள்ளும் பெரிய தட்டுக்குத் தாய் என்று பெயரிட்டார்கள்: 'மதர்போர்டு'. செருகப்படுவது 'டாட்டர்போர்டு'. மகன் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள்.

காரின் 'டாஷ்போர்டு' எதை 'டாஷ்' செய்கிறது?

சேற்றை. குதிரை வண்டி ஓடும்போது குதிரையின் குளம்புகள் வாரி இறைக்கும் சேறு ஓட்டுகிறவர்மேல் படாமல் தடுக்க முன்னால் நிறுத்திய பலகை அது. 'டாஷ்' என்பதற்கு வாரி அடித்தல் என்ற பொருள் உண்டு. குதிரை போய் இயந்திரம் வந்தது. சேறு வரும் வழியும் மாறியது. ஆனால் ஓட்டுகிறவருக்கு எதிரே ஒரு பலகை இருந்தது. வேகம், எரிபொருள் காட்டும் கருவிகளைப் பொருத்த அதைவிட வசதியான இடம் இல்லை. இன்று நிறுவனங்கள் விற்பனைக் கணக்கைப் படங்களாகக் காட்டும் கணினித் திரைக்கும் டாஷ்போர்டு என்றே பெயர். அங்கேயும் சில சமயம் சேற்றை மறைக்கத்தான் பயன்படுகிறது என்பது என் அனுபவம்.

மரபுத்தொடர்களில் வரும் போர்டுகள் எல்லாம் ஒரே போர்டா?

இல்லை. இங்குதான் பலர் சறுக்குகிறார்கள்.

'அபவ் போர்டு' என்றால் ஒளிவு மறைவற்றது. இது சீட்டாட்ட மேசை. கைகள் மேசைக்கு மேலே தெரிந்தால் சீட்டை மாற்ற முடியாது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. 'ஸ்வீப் த போர்டு' என்பதும் அதே மேசைதான்: பந்தயப் பணம் அத்தனையையும் ஒரே ஆட்டத்தில் வாரிக்கொண்டு போவது.

'அக்ராஸ் த போர்டு' வேறு. எல்லோருக்கும் ஒரே மாதிரி என்ற பொருளில் சம்பள உயர்வுச் செய்திகளில் வருமே, அது. இதன் ஊற்று அமெரிக்கக் குதிரைப் பந்தயம். ஒரு குதிரை முதலாவதாக வரும், முதல் இரண்டுக்குள் வரும், முதல் மூன்றுக்குள் வரும் என்று மூன்று விதமாகவும் சமமான தொகையைக் கட்டுவதற்கு அப்படிச் சொன்னார்கள். போர்டு என்பது அங்கே பந்தய விகிதங்களை எழுதிய பலகை.

'பேக் டு த டிராயிங் போர்டு' என்பதன் பிறப்புச் சான்றிதழே கிடைக்கிறது. 1941இல் 'நியூயார்க்கர்' இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கேலிச்சித்திரம். விமானம் தரையில் மோதி நொறுங்கிக் கிடக்கிறது. எல்லோரும் அதை நோக்கி ஓட, வடிவமைத்தவர் மட்டும் வரைபடச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடக்கிறார். மறுபடியும் வரைபலகைக்குப் போக வேண்டியதுதான் என்பது அவர் பேச்சு.

நாடக நடிகர்கள் 'மிதிக்கும்' போர்டு, மேடையின் தளப்பலகை.

'புல்லட்டின் போர்டு' கணினிக்குள் எப்படி வந்தது?

1978இல் சிகாகோவில் பனிப்புயல் ஊரையே முடக்கியபோது வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இருவர் தொலைபேசி வழியே இணைந்து செய்தி விட்டுச்செல்லும் கணினி அமைப்பைத் திட்டமிட்டார்கள். பிப்ரவரியில் அது இயங்கத் தொடங்கியது. சீட்டுகளைக் குண்டூசியால் குத்திவைக்கும் தக்கைப் பலகைதான் அவர்கள் மனத்தில் இருந்த மாதிரி. பெயரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

'போர்டு ஃபுட்' என்றால் காலா, நீளமா?

கன அளவு. வட அமெரிக்காவில் அறுத்த மரத்தை இதனால் அளக்கிறார்கள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குல கனம். பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு கன அடி.

'போர் அடிக்கிறது' என்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. சலிப்பைக் குறிக்கும் 'போர்' 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தலைகாட்டிய தனிச்சொல். 'போர்டு' என்பதும் சலிப்படைந்த என்ற பொருளில் வரும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் அமைந்தது தற்செயல். நிறுவனக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்கள் இதை நம்ப மறுப்பார்கள்.

தமிழில் பெயர்க்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

ஒரே சொல்லைத் தேடாதீர்கள். எழுதுவதும் தொங்குவதும் பலகை. ஆள்வது வாரியம் அல்லது குழு. நிறுவனம் என்றால் இயக்குநர் குழு. தங்குமிடத்தோடு வந்தால் உணவு. கப்பல், விமானத்தோடு வந்தால் ஏறுதல். 'ஸ்டார்போர்டு' வலப்பக்கம். மின்னணுவியலில் பலகை என்றாலும் தட்டு என்றாலும் புரியும். 'மதர்போர்டு'க்குத் தாய்ப்பலகை என்ற சொல் வழக்கத்திலும் வந்துவிட்டது.

ஒரே வாக்கியத்தில் இரண்டு போர்டுகள் வந்தால்தான் சிக்கல். போர்டு உறுப்பினர்கள் கப்பலில் போர்டு செய்தார்கள், அங்கே போர்டு இலவசம் என்ற வகையில் எழுதும் ஆங்கில ஆசிரியர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். சிலேடையைத் தமிழில் காப்பாற்ற முயலாமல் மூன்று சொற்களாக உடைத்துவிடுங்கள்.

ஐஸ் ஹாக்கியில் 'போர்டிங்' என்றால் மைதானத்துக்குள் நுழைவதா?

அது குற்றம். ஆடுகளத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் தடுப்பு நிற்கும்; அதைப் போர்டு என்பார்கள். எதிராளியை அதன்மேல் ஆபத்தாக மோதும்படி தள்ளினால் போர்டிங். நடுவர் ஊதி வெளியே உட்காரவைப்பார். பலகையா, விளிம்பா என்று என்னைக் கேட்டால், பலகையால் ஆன விளிம்பு.